வாய்ப்புற்றும் மரபணு ஏடும்

நாஞ்சில் நாட்டிலே வெற்றிலை இல்லாத சடங்கு இல்லை. பெண் கேட்டு வந்தாலும் வெற்றிலை. பிள்ளை பிறந்தாலும் வெற்றிலை. துக்கம் விசாரிக்க வந்தவருக்கும் வெற்றிலை. விருந்துக்கு வந்தவர் இன்னும் ஒரு கை சோறு வேண்டாம் என்று சொல்லலாம், அதைப் பொறுத்துக்கொள்வார்கள். வெற்றிலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாலோ, வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல் வந்துவிடும். கமுகு எங்கள் தோப்பிலே நின்றது. வெற்றிலை சந்தையிலே கிடைத்தது. சுண்ணாம்பு ஒரு சிறு கரண்டகத்திலே, புகையிலை ஓர் ஓலைக் கொட்டானிலே. இவ்வளவும் அடங்கிய பித்தளைச் செல்லம் ஒன்று என் பாட்டியின் கையருகே எப்பொழுதும் இருக்கும். உறங்கும்போதுகூட வலக்கன்னத்தில் ஒதுக்கிய முறுக்கானை அவர்கள் துப்பியதில்லை.

அந்த வலக்கன்னத்திலேதான் புண் வந்தது. முதலிலே வெண்மையாக ஒரு தடிப்பு. பிறகு ஆறாத இரணம். பிறகு வாயைத் திறக்கவே இயலவில்லை. பச்சிலை வைத்துப் பார்த்தோம், மந்திரித்துப் பார்த்தோம். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது காலம் கடந்துவிட்டது. 1964ஆம் ஆண்டு அவர்கள் காலமானார்கள். அப்பொழுது எனக்கு வயது 12. பாட்டியின் தமையனாரும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அதே நோயால் மறைந்தவர்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நோய் வந்தால் ஊரார் என்ன நினைப்பார்கள்? என் தாயார் நினைத்ததைத்தான் நினைப்பார்கள். ''மக்களே, இது நம்ம ரத்தத்துல உள்ளது. எனக்கும் வரும், பொறவு ஒங்களுக்கும் வரும்'' என்பார்கள். சாபம் என்ற சொல்லை மெல்லிய குரலில் சொல்வார்கள். பல ஆண்டுகள் சென்றன. செய்தித்தாள்களிலே 'புற்றுநோய்க்குக் காரணம் மரபணு மாற்றமே' என்று எழுதலாயினர். என் தாயார் அதைப் படித்துவிட்டு, ''பாத்தியா, நான் சொன்னது சரிதான்'' என்றார்கள். மரபணு என்னும் சொல்லுக்குள்ளே 'மரபு' இருக்கிறதல்லவா? மரபு என்றால் பாட்டன், பூட்டன் வழியாக வருவது. ஆகவே மரபணுவில் மாற்றம் என்றால், அது குடும்பத்து வழியே இறங்கி வரும் மாற்றமாகத்தானே இருக்கவேண்டும்! தமிழறிந்த எவரும் அப்படித்தான் பொருள் கொள்வர். ஜீன் என்னும் சொல்லுக்கு மரபணு என்பதைக் காட்டிலும் நல்ல சொல் நம்மிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அந்த நல்ல சொல்லே எங்கள் வீட்டில் ஐம்பது ஆண்டு அச்சத்துக்கு அரண் செய்தது.

யான் மருத்துவன் அல்லன். பள்ளியிலே சரித்திரம் கற்பித்தவன். ஆதலால் இவ்வினாவைச் சரித்திரக்காரன் எப்படி அணுகுவானோ அப்படியே அணுகினேன். இந்த நோயைப்பற்றி முதன்முதல் யார் எழுதி வைத்தார்? எங்கே எழுதினார்? எதைக் கண்டு எழுதினார்? தேடிச் சென்றபோது வியப்பொன்று காத்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து 10, 12 மைல் தொலைவுக்குள்ளேயே அந்த வரலாறு தொடங்குகிறது.

கல்குளம் வட்டத்திலே உள்ள நெய்யூர் பலரும் அறிந்த ஊர். இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு இராம்சே என்ற மருத்துவர் 1838இல் அங்கு வந்தார். அன்று இப்பகுதி திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் முதல் நாளிலேதான். இராம்சே தொடங்கிய பணி நாளடைவில் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. நோயாளிகள் தென் திருவிதாங்கூர் முழுவதிலுமிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டியிலும் கால்நடையாகவும் வரலாயினர். வந்தவர்களுள் கன்னத்துப் புண்ணோடு வந்தவர் தொகை அங்கிருந்த மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. இங்கிலாந்திலே இவர்கள் பயின்ற மருத்துவச் சாலைகளில் கன்னத்தின் உட்புறத்திலே புற்று என்பது அரிதாகக் காணும் ஒன்று. இங்கோ அது அன்றாடக் காட்சி.

1908ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் பெயர்பெற்ற மருத்துவ இதழில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் ஆர்தர் ஃபெல்ஸ்; தென்னிந்தியாவின் வாய்ப்புற்றைப்பற்றி, 209 அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்து எழுதினார். மற்றொன்று வில்லியம் சார்லஸ் பென்டல் எழுதியது. திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப்பற்றிய தொகுப்பு அது. அந்த 1,700 பேரிலே மிகப் பெரும்பகுதியினர் வாய்ப்புற்று உற்றவர்கள். இருவரும் நெய்யூரோடு தொடர்புடையவர்கள். 1,700 என்று ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டோம். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னாலே வலக்கன்னத்தையோ இடக்கன்னத்தையோ துணியால் மறைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்த ஓர் ஆளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை, எண்ணிக்கை கிடைத்தது. சரித்திரம் பல சமயங்களிலே அப்படித்தான் செய்கிறது.

பிறகு வந்தவர்களிலே இருவரைச் சொல்லவேண்டும். ஒருவர் ஹோவர்டு சாமர்வெல். 1922இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுவில் இருந்தவர். அம்முயற்சி முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்து, நெய்யூரின் நிலையைக் கண்டு, இலண்டனிலே காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு இங்கேயே பணி செய்ய முடிவு செய்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று, உயிர்வளிக் கருவி இல்லாமலே ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறினார். இறங்கும்போது குளிரினால் கருகிய அவருடைய தொண்டைத் தோல் கழன்று மூச்சை அடைத்துவிட்டது. தம் மார்பைத் தாமே அழுத்தி அதனை இருமி வெளியேற்றி உயிர் பிழைத்தார். அப்படிப்பட்டவர் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறருடைய வாயையும் வயிற்றையும் அறுத்துத் தைப்பதிலே கழித்தார் என்பதை எண்ணும்போது எனக்கு ஏனோ மெய்சிலிர்க்கிறது.

மற்றொருவர் அவ்வளவு புகழ் பெறாதவர். ஆயினும் நம் கதைக்கு அவரே முக்கியம். இயன் ஆர் என்பது அவர் பெயர். 1933இல் லான்செட் இதழிலே, திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குப் போடுவோரிடம் காணும் வாய்ப்புற்றைப்பற்றி விரிவாக எழுதினார். அவர் செய்த செயல் எளியது, ஆனால் ஆழமானது. நோயுற்றோரின் பழக்கங்களைக் கேட்டு எழுதினார். நோயற்றோரின் பழக்கங்களையும் கேட்டு எழுதினார். இரண்டையும் எதிரெதிரே வைத்து நோக்கினார். வெற்றிலையோ, பாக்கோ, சுண்ணாம்போ, புகையிலையோ, எது இந்நோயை விளைக்கிறது என்று பிரித்தறிய முயன்றார். அவருடைய ஐயம் புகையிலையின்மீது சென்றது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவை இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் வெளிப்படுத்திய புகழ்பெற்ற ஆய்வு 1950இல் வந்தது. அதற்கும் 17 ஆண்டுகளுக்கு முன்னரே, நோயுற்றவனையும் நோயற்றவனையும் ஒப்பிட்டுக் கேட்கும் அம்முறை நம் மண்ணிலே நடந்தேறியது.

புகையிலை எங்கள் நாட்டுப் பயிர் அன்று. அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. நாஞ்சில் நாட்டார் விரும்பிய புகையிலை நெடுங்காலம் கடல் கடந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களுக்குத் திருவிதாங்கூரே பெரிய சந்தை. அரசு அந்த வாணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்து பெரும் பொருள் ஈட்டியது. திவான் மாதவராவ் காலத்திலே அவ்வுரிமை கைவிடப்பட்டது. வெற்றிலையும் பாக்கும் ஆயிரம் ஆண்டு மரபு. அதனுள்ளே புகையிலை புகுந்தது சில நூற்றாண்டு வழக்கம். இவ்விரண்டையும் பிரிக்க முடியாத ஒன்றாக நாம் கருதிவிட்டோம். பாக்கு மட்டும் குற்றமற்றது என்றும் எண்ணவேண்டா. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி மையம் புகையிலை கலந்த வெற்றிலையைப் புற்று விளைப்பது என 1985இல் அறிவித்தது. 2004இல் வெளியிட்ட நூலிலே புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கும், ஏன், பாக்கே தனியாகவும் புற்று விளைக்கும் என்று உறுதி செய்தது.

நெய்யூர் மருத்துவர்கள் எதனால் நோய் வருகிறது என்பதை நெருங்கிவிட்டார்கள். அது எப்படி வருகிறது என்பதை அவர்களால் காண இயலவில்லை. முறுக்கான் வாயிலே கிடக்கிறது; பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் புற்று முளைக்கிறது. இடையிலே நடந்தது என்ன? அதனைக் காண்பதற்குக் கத்தியும் போதாது, நுண்ணோக்கியும் போதாது. இன்னொரு வகை எழுத்தைப் படிக்கக் கற்கவேண்டியிருந்தது.

அந்த எழுத்துதான் டி.என்.ஏ. 1953இல் அதன் முறுக்கேணி வடிவம் தெரியவந்தது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துக்களால் ஆன நூல் அது. மனிதனின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் தாய்வழி ஒரு பிரதி, தந்தைவழி ஒரு பிரதி. ஒரு பிரதியிலே ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள். இந்த முழு நூலையே ஜீனோம் என்றும் மரபணுத் தொகுதி என்றும் கூறுகின்றோம். அதனுள்ளே அங்கங்கே பொருளுடைய அதிகாரங்களாக அமைந்திருப்பவை மரபணுக்கள். அவை சுமார் 20,000.

ஏட்டுச் சுவடிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். ஓலை நூறு, இருநூறு ஆண்டுகளிலே செல்லரித்துப் போகும். ஆதலால் புதிய ஓலையிலே பெயர்த்தெழுதுவார்கள். எழுதும்போது பிழை நேரும். ஒரு கொம்பு விட்டுப்போகும். ஒரு வரி இருமுறை வரும். ஓர் ஏடே காணாமற்போகும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது பல பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுத்தான் எது மூலபாடம், எது பிழைபாடம் என்று துணிந்தார்.

உயிரணு இரண்டாகப் பிரியும்போதும் இதே வேலை நடைபெறுகிறது. அந்த 300 கோடி எழுத்துக்களும் பெயர்த்தெழுதப்படவேண்டும். கன்னத்தின் உட்தோல் உணவு உராய்ந்து தேய்ந்துகொண்டே இருப்பது, ஓயாமல் புதுப்பித்துக்கொள்வது. ஆகவே அங்கே எழுத்தர் வேலை மிகுதி. பெரும்பாலான பிழைகளை உயிரணுவே கண்டு திருத்திவிடும். ஆனால் அந்த எழுத்தரின் கையை யாரேனும் ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால்? புகையிலையிலுள்ள நைட்ரோசமைன் என்னும் நச்சுப்பொருள்கள் டி.என்.ஏ. எழுத்துக்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை வேறெழுத்தாகப் படிக்கச் செய்கின்றன. பாக்கிலிருந்தும் அத்தகைய பொருள்கள் உண்டாகின்றன. சுண்ணாம்பு சேரும்போது பாக்குச் சாற்றிலிருந்து ஆக்சிஜனின் கொடிய வடிவங்கள் கிளம்பி எழுத்துக்களைச் சிதைக்கின்றன. ஒரு நாள், இரு நாள் அன்று. முப்பது, நாற்பது ஆண்டுகள், ஒரே கன்னத்திலே, ஒரே இடத்திலே.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 1982இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூத்திரப்பைப் புற்று ஒன்றிலிருந்து எச்-ராஸ் என்னும் மரபணுவை எடுத்து, நலமுடைய மரபணுவோடு ஒப்பிட்டார்கள். ஜி இருக்கவேண்டிய ஓர் இடத்தில் டி இருந்தது. வேறுபாடு அவ்வளவே! வளர்க என்றும் நிற்க என்றும் மாறிமாறி ஆணையிடவேண்டிய மரபணு, அந்த ஒரு பிழையால் வளர்க என்று மட்டுமே கூறலாயிற்று. 1991இல் பம்பாய் ஆராய்ச்சியாளர்கள், புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று உற்றவர்களிடம் இதே மரபணுவைத் தேடிப் பார்த்தார்கள். சோதித்த கட்டிகளிலே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் எச்-ராஸ் பிழைபட்டிருந்தது. மேல்நாட்டு வாய்ப்புற்றுக்களிலே அத்துணை மிகுதியாக அது காணப்படவில்லை. மெல்லுவோனின் புற்றும் புகைப்போனின் புற்றும் ஒரே பெயர் பெற்றிருந்தாலும் ஏட்டிலே காணும் பிழைகள் ஒன்றல்ல என்பதற்கு அஃதொரு முன்னறிகுறி.

ஆனால் அக்காலத்திலே ஒரு நேரத்தில் ஒரு மரபணுவைத்தான் படிக்க முடிந்தது. இருபதாயிரம் அதிகாரங்களுள் எதிலே பிழை என்று முன்னதாக ஊகித்துக்கொண்டு அந்த ஏட்டை மட்டும் அவிழ்த்துப் பார்ப்பது போன்றது அது. மனித ஜீனோம் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்தது. எஞ்சியிருந்த இடைவெளிகள் 2022இல் நிரம்பின. ஒப்பிடுவதற்கு ஒரு மூலப்பிரதி கிடைத்துவிட்டது. படிக்கும் பொறிகளும் விரைவடைந்தன. அவை படிக்கும் முறை விசித்திரமானது. ஒரு நூலின் பல பிரதிகளை எடுத்துக் கண்டபடி கிழித்துத் துண்டு துண்டாக்கிவிடுங்கள். துண்டுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறிடத்தில் கிழிந்திருப்பதால், ஒன்றின் முடிவும் மற்றொன்றின் தொடக்கமும் ஒத்துவரும். கோடிக்கணக்கான அத்துண்டுகளை ஒரே வேளையில் படித்து, எழுத்து ஒவ்வொன்றையும் அதற்குரிய நிறவொளியால் அடையாளங்கண்டு, மூலப்பிரதியின் எந்த வரியில் எந்தத் துண்டு பொருந்துகிறது என்று கணினி வரிசைப்படுத்துகிறது. ஒரே இடத்தைப் பல துண்டுகள் பலமுறை படித்துக் காட்டுவதால், படித்தவன் செய்த தவறு எது, ஏட்டிலேயே உள்ள தவறு எது என்பதும் தெளிவாகிறது.

2008இல் பல நாட்டு விஞ்ஞானிகள் ஒன்றுகூடிப் பன்னாட்டுப் புற்றுநோய் ஜீனோம் கூட்டமைப்பை நிறுவினர். ஒவ்வொரு நாடும் சில புற்றுக்களைப் பங்கிட்டுக்கொண்டது. இந்தியா எதை எடுத்துக்கொண்டது தெரியுமா? ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்திலே தோன்றும் வாய்ப்புற்றை. முறுக்கான் ஒதுக்கி வைக்கும் அதே பள்ளம். ஃபெல்ஸும் பென்டலும் ஆரும் விளக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த அதே இடம். வங்காளத்திலுள்ள கல்யாணியில் அமைந்த தேசிய உயிர்மருத்துவ ஜீனோம் நிறுவனமும், மும்பை டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவும் இவ்வாய்வை மேற்கொண்டன. கல்யாணி நிறுவனத்தை முன்னின்று நடத்திய பார்த்த மஜும்தார் என்னும் அறிஞர் இதிலே முதன்மையான பங்கு பெற்றார். 2013இல் அவர்களுடைய கட்டுரை நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியாயிற்று.

50 நோயாளிகளின் கட்டியில் புரதங்களை ஆக்கும் பகுதி முழுவதையும் படித்தார்கள். அங்குக் கண்டதை மேலும் 60 நோயாளிகளிடம் சரிபார்த்தார்கள். பிற நாட்டு ஆய்வுகளிலே முன்னரே தெரிந்திருந்த டி.பி.53, ஃபேட் 1, காஸ்பேஸ் 8, எச்-ராஸ், நாட்ச் 1 ஆகியவை இங்கும் பிழைபட்டிருந்தன. இவற்றுள் டி.பி.53 என்பது ஏட்டிலே பிழை கண்டால் எழுதுவதை நிறுத்தச் சொல்லும் மேற்பார்வையாளன். காஸ்பேஸ் 8 என்பது திருத்த இயலாத உயிரணுவைத் தானே மடியச் செய்யும் ஏவல். மேற்பார்வையாளனும் இல்லை, மடிவதற்கு ஏவலும் இல்லை என்றால் பிழைபட்ட உயிரணு தன் பிழையோடு பெருகத்தானே செய்யும்? இவையன்றி, இவ்வகைப் புற்றிலே முன்னர் அறியப்படாத ஐந்து மரபணுக்களும் பலரிடம் திரும்பத்திரும்பப் பழுதுபட்டிருக்கக் கண்டார்கள்: யு.எஸ்.பி.9எக்ஸ், எம்.எல்.எல்.4, ஏரிட் 2, அன்க் 13சி, டி.ஆர்.பி.எம்.3. பெயர்களை மனப்பாடம் செய்யவேண்டா. ஆயினும் எம்.எல்.எல்.4, ஏரிட் 2 என்னும் இரண்டின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நீண்ட டி.என்.ஏ. இழை உயிரணுவுக்குள்ளே சுருட்டிக் கட்டப்பட்டிருக்கிறது; எந்தக் கட்டை அவிழ்ப்பது, எதை இறுக்குவது என்பதிலே இவை பங்கு கொள்கின்றன. எழுத்து சரியாகவே இருந்தாலும் சுவடிக்கட்டை அவிழ்க்க ஆளில்லாவிட்டால் அதனைப் படிப்பார் யார்?

இப்பொழுது என் தாயாரின் வினாவுக்கு வருகிறேன். இந்த ஆய்விலே ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் இரண்டு பொருள்கள் எடுக்கப்பட்டன: கட்டியிலிருந்து ஒரு துண்டு, உடலிலிருந்து சிறிது இரத்தம். ஏன் இரத்தம்? அதுவே அம்மனிதனுடைய மூல ஏடு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அவன் பெற்ற பாடம் அதிலே இருக்கிறது. கட்டியிலுள்ளது பெயர்த்தெழுதிய ஏடு. இரண்டையும் அருகருகே வைத்து, இரத்தத்தில் இல்லாமல் கட்டியிலே மட்டும் உள்ள மாற்றங்களைத் தேடி எடுத்தார்கள். யான் மேலே சொன்ன பிழைகள் அவ்வாறு எடுத்தவையே. அவை பாட்டனிடமிருந்து வந்தவை அல்ல. பேரனுக்குப் போகக்கூடியவையும் அல்ல. ஒரு கன்னத்திலே தோன்றி, அந்தக் கன்னத்தோடு முடிபவை. பிறவியிலேயே வரும் சில அரிய குறைபாடுகள் வாய்ப்புற்றுக்கு இடங்கொடுப்பது உண்டு. ஃபான்கோனி இரத்தசோகை என்பது அவற்றுள் ஒன்று. அவை மிகச் சிலருக்கே உரியவை. அண்ணனும் தங்கையும் ஒரே நோயால் இறந்தார்கள் என்றால், முதலிலே நோக்கவேண்டியது அவர்கள் ஒரே செல்லத்திலிருந்து முறுக்கான் போட்டார்கள் என்பதையே.

மாணவ அன்பர்கள் ஒன்று கேட்கக்கூடும்: இவ்வளவும் படித்தறிந்ததால் நோய் தீர்ந்ததா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வாய்ப்புற்றுக்கு இன்றும் முதன்மையான மருந்து கத்தியும் கதிரும்தான். 1930களிலே நெய்யூரில் கத்தியோடு ரேடியத்தையும் கையாண்ட காலத்தைவிட அவை மிகத் திருந்தியிருக்கின்றன என்பது உண்மை. பழுதுபட்ட மரபணுவைக் குறிவைத்துத் தாக்கும் மருந்துகளுக்கு ஆராய்ச்சி நடந்துவருகிறது. டி.பி.53 போன்றவை இழந்துபோன காவல். இருக்கும் பகைவனைத் தாக்கலாம், இல்லாத காவலனை எப்படி மீட்பது? அதுவே கடினம். இதற்கிடையிலே, எந்தப் பொறியும் இல்லாமல் செய்த ஓர் ஆய்வு திருவனந்தபுரம் பகுதியிலே நடந்தது. பழைய திருவிதாங்கூரின் இன்னொரு பகுதி அது. 1996 முதல் 2004 வரை, 13 பஞ்சாயத்துகளிலே, 35 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 1,92,000 பேரை அவ்வாய்வு உட்கொண்டது. ஏழு பஞ்சாயத்துகளிலே பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லி விளக்கொளியில் பார்த்தார்கள். ஆறில் அவ்வாறு செய்யவில்லை. புகையிலையோ மதுவோ பழகியோரிடையே, பார்க்கப்பட்ட பஞ்சாயத்துகளிலே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. வெண்தடிப்பாக இருந்தபோதே என் பாட்டியின் வாயை ஒருவர் விளக்குப் பிடித்துப் பார்த்திருந்தால் என்று நான் எண்ணாத நாள் இல்லை.

அதனினும் என்னை வருத்துவது வேறொன்று. பென்டலும் ஃபெல்ஸும் 1908இல் எழுதிவிட்டார்கள். ஆர் 1933இல் எழுதிவிட்டார். இலண்டனிலே அச்சாகி, உலகத்து மருத்துவர்கள் கையிலெல்லாம் சென்ற செய்தி, நெய்யூரிலிருந்து 12 மைல் கடந்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வர 1964 வரை வழி காணவில்லை. அந்தத் திண்ணையில் ஆங்கிலம் படிப்பார் இல்லை. தமிழில் அதைச் சொல்வார் இல்லை. 2013ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஆங்கிலத்திலேதான் இருக்கிறது. இந்தப் பேச்சுக்கு யான் இசைந்ததற்கு அதுவே காரணம்.

அக்கட்டுரையின் செய்தியை அறிந்த பிறகு, 2014இலே ஒருநாள் மாலை, என் தாயாருக்கு அதை எடுத்துரைத்தேன். அப்பொழுது அவர்களுக்கு வயது 84. காகிதத்திலே இரண்டு ஓலை வரைந்தேன். ஒன்றிலே 'இரத்தம்' என்றும் மற்றொன்றிலே 'கன்னம்' என்றும் எழுதி, பிழை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று காட்டினேன். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

''அப்போ, சாபம் இல்ல?''

''இல்லை அம்மா.''

''ரத்தத்துல இல்ல?''

''இல்லை.''

முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். தெளியவில்லை. சிறிது பொறுத்து, ''சின்னப் பிள்ளையா இருக்கச்சில நாந்தான் பாக்கு வெட்டி, இடிச்சிக் குடுப்பேன். பல்லு போன பொறவு பொகையிலயும் நாந்தான் நுள்ளிக் குடுத்தேன்'' என்றார்கள்.

என்ன மறுமொழி சொல்வது? உனக்குத் தெரியாதே அம்மா என்றேன். அம்மைக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, ஊரிலே ஒருவருக்கும் தெரியாது என்றேன். அவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்து, ''நெய்யூர்ல தெரியும்னு இப்பதானே சொன்ன?'' என்றார்கள்.

அந்தப் பித்தளைச் செல்லம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. கரண்டகத்தின் மூடியில் பாட்டியின் விரல் பட்ட இடத்திலே சுண்ணாம்பு காய்ந்து கல்லாகியிருக்கிறது. பாக்குவெட்டியை மட்டும் என் தாயார் அந்த மாலைக்குப் பிறகு எங்கோ எடுத்து வைத்துவிட்டார்கள். அவர்கள் காலத்துக்குப் பின்னும் அது எங்களுக்கு அகப்படவில்லை.